செவிக்குக் காட்சி தந்த தமிழ்

நுழையும்முன்
விளையாட்டைக் கண்டு களிப்பது மகிழ்ச்சி. கண்டதைக் காணாதவர்க்கும் காட்டுவது கலை. அக்கலையைத் தமிழில் வளர்த்த குரல் ஒன்றை நினைவுகூர்ந்து, நேர்முக வருணனையின் மொழி குறித்துச் சிந்திக்கத் தூண்டுகிறது இக்கட்டுரை.

தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில், 1980-களில், கிரிக்கெட் என்பது பார்க்கும் விளையாட்டன்று, கேட்கும் விளையாட்டு. பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் போட்டி நடைபெற்றால், எங்கள் ஊர்த் தேநீர்க் கடை வானொலியைச் சுற்றிக் கூட்டம் சேரும். வானொலிக்கு மிக அருகிலுள்ள இடம் எப்போதும் ஒருவருக்கே உரியது. அவர் கண்பார்வை இழந்த முதியவர். ஏதேனும் ஒரு பந்தைக் கேட்கத் தவறினால் நாங்கள் அவரிடமே கேட்போம். எவர் எங்கு நிற்கிறார், பந்து எப்பக்கம் சென்றது என்பதைக் கைகளால் காற்றில் வரைந்து காட்டுவார். சாலைவழியே 600 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆடுகளத்தை அவருக்குக் காட்டியது தமிழ் வருணனை.

நம் மண்ணின் குரல்

தமிழ் வருணனை என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அப்துல் ஜப்பார். சாத்தான்குளத்தைச் சேர்ந்தவர். சாத்தான்குளமும் சுந்தரபாண்டியபுரமும் ஒன்றுபட்ட நெல்லை மாவட்டத்தில் இருந்தவை. ஆதலால் எங்களுக்கு அவர் எங்கள் மாவட்டத்துக்காரர். வானொலி நாடகங்களில் பயின்ற குரல் அவருடையது. சிறுவர்கள் ‘வானொலி அண்ணா’ என்று அறிந்த கூத்தபிரானும், இராமமூர்த்தியும் அத்துறையில் அவரோடு நினைக்கத்தக்கவர்கள். 2020 டிசம்பரில் ஜப்பார் மறைந்தபோது, அவர் முகத்தை ஒருமுறையும் கண்டிராத பலர், குடும்பத்தில் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினர்.

விரையும் மொழி

ஆங்கில ஆட்டத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்று ஐயுற்றோர் அன்று பலர். அவ்வையத்திற்கு ஒரு காரணமும் உண்டு. வேகப்பந்து, வீசுபவரின் கையிலிருந்து மட்டையை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகும். தமிழ்த் தொடரிலோ வினைமுற்று பெரும்பாலும் இறுதியிலேயே நிற்கும். தொடர் முடியும்வரை காத்திருந்தால் பந்து எல்லைக்கோட்டைக் கடந்துவிடும். வருணனையாளர்கள் இதற்குக் கண்ட வழி பேச்சுத் தமிழிலேயே இருந்தது. “வந்தார், வீசினார், தடுத்து ஆடினார்” என வினைகளை அடுக்கினால் சொல்லும் பந்தோடு ஓடும்; “அடித்தார், உயரமாக, மிக உயரமாக” என வினையை முன்னே வைத்தால் கேட்பவர் மூச்சடக்கிக் காத்திருப்பார். மட்டையாளர், பந்துவீச்சாளர், ஓட்டம், எல்லைக்கோடு, ஆட்டமிழந்தார் ஆகிய சொற்கள் ஏடுகளிலிருந்து மட்டும் மக்களிடம் சேரவில்லை. நாள்தோறும் காதில் விழுந்ததால் நாவில் நிலைத்தன. இச்சொற்கள் யாவும் ஒருவரே படைத்தவை என்பது மிகை. ஆயினும் அவற்றுக்கு உயிர்ப்பு ஊட்டியவர்களுள் ஜப்பாருக்குத் தனியிடம் உண்டு.

எண்ணும் சொல்லும்

1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தம் முதல் டெஸ்ட் போட்டியிலேயே நரேந்திர ஹிர்வானி 136 ஓட்டங்கள் கொடுத்து 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பதிவேடு இவ்வளவே சொல்லும். பந்து எவ்வாறு திரும்பியது, மட்டையாளர் முகத்தில் தோன்றிய திகைப்பு எத்தகையது, அரங்கம் எக்கணத்தில் எழுந்து நின்றது என்பவற்றை எண்கள் சொல்வதில்லை. அவற்றைக் கேட்போர் மனத்தில் எழுப்புவது சொல்லின் பணி.

‘தொலைக்காட்சியில் எல்லாம் தெரிகிறதே, இனி வருணனை எதற்கு?’ என்று கேட்கலாம். எங்கள் ஊருக்குத் தொலைக்காட்சி வந்தபின் நிகழ்ந்ததே என் விடை. முதல் போட்டியைக் காண அம்முதியவரும் வந்து அமர்ந்தார். மட்டையாளர் ஒருவர் ஆட்டமிழந்தார், கூட்டம் ஆர்த்தது. படம் காட்டிவிட்டதால் வருணனையாளர் விளக்கவில்லை. “என்னடே ஆச்சு? ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கானே!” என்றார் முதியவர். அன்று நாங்கள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுமுறை அவர் வரவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

நம் கடமை

இன்றைய தமிழ் வருணனைகளை நான் முற்றாகக் குறைகூறேன். அவை மிகுதியான மக்களைச் சென்றடைகின்றன. அவற்றில் நகைச்சுவையும் நட்பும் உள்ளன. ஆனால் ஆட்டத்தைச் சொல்வதைவிட ஆரவாரம் மிகும்போது வருணனை தன் கடமையை மறக்கிறது. அறிந்ததை, கண்டதை, உரிய நேரத்தில், உரிய அளவில் சொல்வதே அதன் அறம். அவ்வறத்தை முன்னோர் குரல்களிலிருந்தே கற்க இயலும். ஆகவே, பழைய வானொலி ஒலிப்பதிவுகளைத் தேடித் தொகுத்து, நூல்களைக் காப்பதுபோல் காக்க வேண்டும். பேச்சுத் தமிழின் திறத்திற்கு அவையும் சான்றுகளே.

மாணவர்களே! உங்கள் ஊர்க் கபடிப் போட்டியில் ஒலிவாங்கியைப் பிடிக்கும் வாய்ப்பு உங்களுக்கு ஒருநாள் வரலாம். அன்று, காண்போர் கூட்டத்திற்கிடையே காண இயலாத ஒருவரும் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பாடிச் செல்பவர் எக்காலை முன்வைத்தார், எவர் பிடித்தார், நடுக்கோட்டை அவர் கை தொட்டதா என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.