கண்ணுக்கு ஊசி... மார்புக்கு ஏன் எக்ஸ்ரே?

கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் எல்லாமே ‘மெட்ராஸ் ஐ’ அல்ல. கண்ணுக்குள் ஏற்படும் ‘யுவைட்டிஸ்’ அழற்சியாகவும் இருக்கலாம். சொட்டு மருந்துக்கு அடங்காவிட்டால், கண்ணை மரத்துப்போகச் செய்து உள்ளே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்.

அதற்கு முன் மார்பு எக்ஸ்ரே கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். காசநோயும் இந்த அழற்சியைக் கொண்டுவரும். அதற்கான மாத்திரை இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போனால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான்! 1928-ல் காசநோய்க்கென்றே தொடங்கிய தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் இன்றும் அதற்குச் சிகிச்சை உண்டு.

ஊசிக்குப் பின் பார்வை தெளிந்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். சிலருக்குக் கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும். டாக்டர் சொன்ன நாளில் அழுத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.