வரிசை இல்லாத ஊரில் வரிசை தேடுகிறோம்

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏதாவதொரு கலியாண மண்டபத்துக்குக் கிரேட் 12 படிக்கும் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். கைநனைப்பதற்கு முன்னரே கேள்வி வந்துவிடும்: "தம்பி எந்தக் கம்பஸுக்குப் போட்டிருக்கிறீர்?" என்ன படிக்க விருப்பம் என்று கேட்பவரைக் காண்பது அரிது. யு ஒஃப் ரி என்கிற ரொறன்ரோ பல்கலைக்கழகம், வாட்டர்லூ, மக்மாஸ்டர் மூன்றில் ஒன்றைச் சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி. யோர்க் என்றால் "பரவாயில்லை". ஒஷாவாவில் இருக்கும் ஒன்ராறியோ டெக் என்றால், மார்க்ஸ் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. சென்டெனியல் கல்லூரி என்று சொல்லும் துணிவு அந்தப் பிள்ளைக்கு இருந்தால் தாய் குறுக்கே விழுந்து, "முதல் ரெண்டு வருசம்தான் அங்க, பிறகு யூனிவர்சிற்றிக்கு மாறிடுவார்" என்று சமாளிப்பார்.

இந்த மண்டபத்து வரிசையை வைத்துத்தான் நம் வீடுகளில் விண்ணப்பப் பட்டியல் தயாராகிறது. பெயர் பெரிதென்றால் படிப்பும் பெரிது, படிப்பு பெரிதென்றால் வாழ்க்கையும் பெரிது என்ற நம்பிக்கை. பெயர்களை மேலிருந்து கீழே எழுதி, பிள்ளையின் அவரேஜ் எட்டும் இடத்தில் கோடு கிழித்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த மாகாணத்தின் அமைப்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பழக்கம் இது. நாம் ஊரிலிருந்து கொண்டுவந்தது.

ஊரில் அதற்கு நியாயம் இருந்தது. இலங்கையில் பல்கலைக்கழக இடம் என்பது பங்கீட்டு அட்டைச் சாமான். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் தமிழ் மொழியில் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்தியது. பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது, அதற்குப் பிறகு இசட் புள்ளி. ஒரே பரீட்சை, ஒரே பட்டியல், ஒரே வாசல். கொழும்பு மருத்துவபீடமா, பேராதனைப் பொறியியலா, யாழ்ப்பாணமா என்பதைப் புள்ளிதான் தீர்மானித்தது. ஒரு புள்ளி குறைந்ததால் வாழ்க்கை திசைமாறிப் போனவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அவர்களில் பலர்தான் இன்று ரொறன்ரோவில் பெற்றோர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் இது புதிதில்லை. 200க்கு எத்தனை கட்-ஓஃப் என்பதை வைத்துக் கிண்டியில் தொடங்கி இறங்கிவரும் பொறியியல் கலந்தாய்வும் ஒற்றைப் பட்டியல்தான். அப்படிப்பட்ட இடத்தில் வரிசையின் உச்சியைப் பிடிக்கப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஒன்ராறியோவில் அந்த ஒற்றைப் பட்டியல் இல்லை. குவெல்ப் நகரில் இருக்கும் விண்ணப்ப மையம் ஒரு தபால் நிலையத்தின் வேலையை மட்டுமே செய்கிறது. அடிப்படைக் கட்டணத்துக்கு மூன்று தெரிவுகள், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு, ஒரே பல்கலைக்கழகத்துக்கு மூன்றுக்கு மேல் போட முடியாது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பின் முடிவெடுப்பது ஒவ்வொரு பாடநெறியும் தனித்தனியே. ஒன்று ஆறு பாடங்களின் அவரேஜோடு நிறுத்தும். இன்னொன்று கட்டுரையும் நேர்காணலும் கேட்கும். ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு துறை 95 கேட்கும்போது பக்கத்துத் துறை 78க்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும். இங்கே "நல்ல கம்பஸ்" என்ற சொல்லுக்கே பொருள் குறைவு. நல்ல பாடநெறி உண்டு, அது இந்தப் பிள்ளைக்கு நல்லதா என்ற கேள்வி உண்டு, அவ்வளவுதான்.

"அப்படியென்றால் உலகத் தரவரிசையெல்லாம் பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யில்லை. அவை அளப்பது வேறு. நம்மவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளும் க்யூ.எஸ். பட்டியலில் 30 விழுக்காட்டு மதிப்பெண் உலகெங்குமுள்ள பேராசிரியர்களிடம் நடத்தும் நற்பெயர்க் கருத்துக்கணிப்புக்குப் போகிறது. ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதற்கு இன்னொரு 20. உங்கள் மகள் முதலாண்டு இரசாயன வகுப்பில் எத்தனை நூறு பேரோடு உட்காருவாள், அவளுக்குப் புரியாததை ஆர் சொல்லிக் கொடுப்பார் என்பதை அந்த இரண்டும் தொடவே தொடா. கனடாவின் மக்லீன்ஸ் சஞ்சிகை 1991 முதல் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தி வருகிறது. 2006 இல் 11 பல்கலைக்கழகங்கள் அதன் முறை சரியில்லை என்று சொல்லித் தகவல் கொடுக்க மறுத்தன. அந்த 11 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகமும் ஒன்று. வரிசையின் உச்சியில் இருப்பவருக்கே அந்த வரிசையில் நம்பிக்கை இல்லாதபோது நமக்கு மட்டும் ஏன் இத்தனை பக்தி?

இந்த நம்பிக்கை மிகக் கூடுதலாகப் பிள்ளைகளை வீழ்த்துவது மருத்துவக் கனவில்தான். அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டொக்டராக வேண்டுமென்றால் யு ஒஃப் ரியின் நகரமைய வளாகத்தில் லைஃப் சயன்ஸ், இல்லாவிட்டால் மக்மாஸ்டரின் ஹெல்த் சயன்ஸ் என்று நம் வீடுகளில் சட்டமே எழுதியிருக்கிறோம். இரண்டாவதில் ஆண்டுக்கு ஏறக்குறைய 240 இடங்கள், விண்ணப்பிப்பவர்கள் பல்லாயிரம். அது கிடைக்காதவர்கள் முதலாவதுக்குப் போகிறார்கள். அங்கே அந்தப் பிள்ளையைப் போலவே பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மண்டபத்தில் இருக்கிறார்கள். 96 அவரேஜோடு போன பிள்ளை முதல் இடைத்தேர்வில் 64 எடுத்துவிட்டு, அதை வீட்டில் சொல்லாமல் மறைக்கிறது.

இப்போது மறுபக்கம். ஒன்ராறியோவின் மருத்துவபீடங்கள் விண்ணப்பதாரரின் பல்கலைக்கழகப் பெயருக்குப் புள்ளி போடுவதில்லை. பல்கலைக்கழகத்தில் எடுத்த மதிப்பெண்கள் எல்லாருக்கும் பொதுவான ஓர் அட்டவணைப்படி 4.0 அளவைக்கு மாற்றப்படுகின்றன. கடினமான இடத்தில் படித்தவர் என்று இரக்கப்பட்டு யாரும் ஒரு தசமத்தைக் கூட்டிக் கொடுப்பதில்லை. லைஃப் சயன்ஸே படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; மக்மாஸ்டர் மருத்துவபீடம் முன்தேவைப் பாடம் எதையும் கேட்பதில்லை. கிங்ஸ்டனில் இருக்கும் குவீன்ஸ் மருத்துவபீடம் இன்னும் ஒரு படி போய், குறைந்தபட்சத் தகுதியைத் தாண்டியவர்களிலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்களைச் சீட்டுக் குலுக்கியே எடுப்பதாக 2024 இல் அறிவித்தது. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்குத் தேவை நான்கு ஆண்டுகள் நல்ல புள்ளியோடும் நல்ல நித்திரையோடும் படிக்கக்கூடிய ஓர் இடம். அது பீற்றர்பரோவில் ட்ரென்டாக இருக்கலாம், குவெல்பாக இருக்கலாம். நாமோ பிள்ளையின் புள்ளி விழ ஆகக் கூடுதலான வாய்ப்புள்ள இடத்துக்கே காசு கட்டி அனுப்பிவைக்கிறோம், டொக்டராகட்டும் என்று!

கணினிப் படிப்பிலும் இதே கூத்துத்தான். யு ஒஃப் ரி நகரமைய வளாகத்தில் முதலாண்டுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்று வேறு ஏதாவது பிரிவில் சேர்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். முதலிலேயே அந்தப் பிரிவில் அனுமதி பெறாதவர் பின்னர் உள்ளே போவது மிகக் கடினம். பல்கலைக்கழகமே அதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. வாசலில் இடம் கிடைத்தது, அறைக்குள் கிடைக்கவில்லை. விரும்பாத பாடத்தில் பட்டம் வாங்கி, விரும்பிய பெயர் அச்சிட்ட குளிர்ச்சட்டையோடு வீடு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஸ்காபரோவில் இருந்துகொண்டு யு ஒஃப் ரியின் ஸ்காபரோ வளாகத்தைக் கீழ்க்கண்ணால் பார்ப்பது இன்னொரு விநோதம். அங்கே படித்தாலும் பட்டத்தில் ரொறன்ரோ பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும். வேலையும் படிப்பும் மாறிமாறி வரும் கோ-ஒப் முறைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்றது அந்த வளாகம்தான். நம் சமூகம் காசு சேர்த்து 30 இலட்சம் டொலரில் அமைத்த தமிழ் இருக்கை அங்கேதான் இருக்கிறது. ஒன்ராறியோ அரசு 2022 இல் அறிவித்த மருத்துவக் கல்விப் பிரிவும் அங்கேதான். இருக்கைக்கு நன்கொடை கொடுத்துவிட்டு, பிள்ளையை மட்டும் அந்த வளாகத்தைத் தாண்டி டவுன்ரவுனுக்கு அனுப்புகிறோம்.

தாண்டிப் போவதும் இலேசில்லை. ஸ்காபரோவின் சிறு ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு அந்தப் பாதையே நிரந்தரமாக மூடப்பட்டு, பேருந்து வந்தது. ஸ்காபரோவின் மல்வேர்னிலிருந்து யோர்க்கின் கீல் வளாகத்துக்கு ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆவது சாதாரணம். போக வர மூன்று மணித்தியாலம், வாரத்துக்கு நான்கு நாள். ஆய்வுகூட அறிக்கை எழுதவும், பகுதிநேர வேலை செய்யவும், சும்மா இருக்கவும் வேண்டிய நேரம் அது. எந்தத் தரவரிசையிலும் பேருந்துப் பயணத்துக்கு ஒரு நிரல் கிடையாது.

அடுத்தது உரிமம். பொறியியலாளராகப் பதிவுசெய்ய நேர்வழி, கனடாவின் பொறியியல் அங்கீகாரச் சபை அங்கீகரித்த பட்டம். யு ஒஃப் ரியின் பட்டத்துக்கும் தண்டர் பேயில் உள்ள லேக்ஹெட்டின் பட்டத்துக்கும் அந்த அங்கீகாரம் ஒன்றே. பதிவுசெய்யும் அமைப்பு இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. தாதியர் படிப்பில் இது இன்னும் தெளிவு. 2020 இல் ஒன்ராறியோ அரசு எடுத்த முடிவுக்குப் பின் கல்லூரிகளே தாதியர் பட்டத்தைத் தனித்து வழங்கலாம். எங்கே படித்தாலும் கடைசியில் எழுதுவது ஒரே பதிவுப் பரீட்சை. வைத்தியசாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவர் பல்கலைக்கழகம், மற்றவர் கல்லூரி. நோயாளிக்குத் தெரியாது. மண்டபத்தில்தான் தெரியும்.

கல்லூரியை இரண்டாம் தரமாகப் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அன்று மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த பில் டேவிஸ் 1965 இல் இந்தக் கல்லூரி அமைப்பை உருவாக்கியது பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்களை ஒதுக்கி வைப்பதற்கு இல்லை; தொழில் கற்பிக்கும் தனிப் பாதையாகத்தான். அதன் முதல் கல்லூரி, 1966 இல் திறந்த சென்டெனியல், நம் ஸ்காபரோவில்தான் இருக்கிறது. அதுவும் யு ஒஃப் ரி ஸ்காபரோவும் சேர்ந்து அவசர மருத்துவ உதவி போன்ற துறைகளில் கூட்டுப் பாடநெறிகள் நடத்துகின்றன. பட்டம் முடித்துவிட்டு வேலைக்காகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொந்தத்துக்குள் எண்ணிப் பார்த்தாலே போதும்.

கல்லூரியென்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்றும் சொல்ல வரவில்லை. 2024 இல் ஒன்றிய அரசு வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டதும் கல்லூரிகளின் வருமானம் சரிந்தது. 2025 தொடக்கத்தில் சென்டெனியல் 49 பாடநெறிகளுக்குப் புதிய சேர்க்கையை இடைநிறுத்தியது. பல்கலைக்கழகமும் தப்பவில்லை. சட்பரியின் லோரென்ஷியன் 2021 பெப்ரவரியில் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், ஏப்ரலில் 69 பாடநெறிகளை ஒரேயடியாக வெட்டியது. நுழைவாயிலில் தொங்கும் பலகை இதையெல்லாம் காட்டாது. நாம் போடப்போகும் பாடநெறி உயிரோடு இருக்கிறதா, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் இருக்குமா என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பெயருக்கு மதிப்பே இல்லையா? சில இடங்களில் உண்டு. 1957 இல் தொடங்கியதிலிருந்து கோ-ஒப் முறையை நடத்திவரும் வாட்டர்லூவின் பொறியியல் மாணவர் பட்டம் வாங்கும்போது கையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வேலை அனுபவம் இருக்கும். நிறுவனங்கள் அதற்காகத்தான் அங்கே போகின்றன. இதை மறுப்பவன் இல்லை நான். ஆனால் அங்கே வேலை செய்வது பாடநெறியின் அமைப்பு. அதே வாட்டர்லூவில் கோ-ஒப் இல்லாத ஒரு பிரிவில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, பெயர் வேலை வாங்கித் தரும் என்று காத்திருப்பவர்களுக்கு அது கிடைக்காது. ஆராய்ச்சியில் போக நினைக்கும் பிள்ளைக்கு யு ஒஃப் ரியின் ஆய்வுகூடங்கள் உண்மையிலேயே பெரிய பேறு. எல்லாப் பிள்ளையும் ஆராய்ச்சிக்குப் போவதில்லை.

காசைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதே கௌரவக் குறைவு. மாகாண அரசு 2019 இல் 10 விழுக்காடு குறைத்துப் பல ஆண்டுகள் உயரவிடாமல் வைத்திருந்த கட்டணத்தில், யு ஒஃப் ரியில் கலை, அறிவியல் பாடங்களுக்கு ஆண்டுக்கு 6,100 டொலர் அளவில் வந்தது. பொறியியலுக்கு 14,000ஐத் தாண்டியது. வாட்டர்லூவுக்கோ மக்மாஸ்டர் இருக்கும் ஹமில்டனுக்கோ போனால் வாடகையும் சாப்பாடும் கட்டணத்தை விஞ்சும். தகப்பன் இரவு வேலையும் தாய் வார இறுதி வேலையும் செய்து அதைக் கட்டுகிறார்கள். கட்டட்டும், அது அவர்கள் அன்பு. பெயருக்கா படிப்புக்கா கட்டுகிறோம் என்று கட்டுவதற்கு முன் ஒருமுறை கேட்டால் என்ன?

பட்டியலைக் குறைப்பது இப்படித்தான் தொடங்க வேண்டும். பிள்ளை எந்தப் பாடத்தை அடிபடாமல் நான்கு ஆண்டு படிக்கும்? அந்தப் பாடத்தில் இரண்டாம் ஆண்டுக்குப் போக என்ன நிபந்தனை? முடித்த பின் உரிமமோ மேற்படிப்போ தேவையென்றால் அந்த வாசல் எதைக் கேட்கிறது? போக வர எவ்வளவு நேரம், கடன் எவ்வளவு? இவற்றைக் கேட்டாலே இருபது பெயர் ஐந்தாகிவிடும். கடைசியாகப் பெயரைப் பாருங்கள், பார்க்காமலும் விடுங்கள்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ரொறன்ரோ நகரமையத்தில் ஒன்ராறியோ பல்கலைக்கழகங்களின் கண்காட்சி நடக்கிறது. அனுமதி இலவசம். கூட்டம் கூடும் மேசைகள் எவை என்று உங்களுக்கே தெரியும். கூட்டமில்லாத மேசை ஒன்றில் நின்று, அங்கே வந்திருக்கும் மாணவரிடம் இரண்டாம் ஆண்டு எப்படி இருந்தது என்று உங்கள் பிள்ளை கேட்கட்டும். பெற்றோரே, அந்த நேரத்தில் தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.