ஒற்றுமை குலைந்தது, கோட்டை வீழ்ந்தது

கர்நாடகத்தில் 2019இல் ஆட்சிக்கு வந்த பாஜக அரசு, வந்த வேகத்தில் திப்பு ஜெயந்தி அரசு விழாவை ரத்து செய்தது. 2022இல் பெங்களூருவுக்கும் மைசூருவுக்கும் இடையே ஓடும் திப்பு விரைவு ரயிலின் பெயர் மாற்றப்பட்டது. 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு, திப்புவைக் கொன்றவர்கள் உரி கவுடா, நஞ்சே கவுடா என்ற இரு ஒக்கலிகர்களே என்னும் ஆதாரமற்ற கதை பரப்பப்பட்டது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்தியது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. அந்தப் பழியிலிருந்து கம்பெனியை விடுவிக்க ‘தேசபக்தர்கள்’ ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள்?

அன்று நடந்தது இந்து - முஸ்லிம் போர் என்று காட்டுவதே இவர்களின் நோக்கம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

1772 ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றவை கம்பெனிப் படையும் ஆற்காடு நவாப் முகமது அலியின் படையும் ஆகும். அரசி வேலுநாச்சியாருக்கு விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் அளித்தார். அமைச்சர் தாண்டவராய பிள்ளை அவ்வாண்டு டிசம்பரில் மைசூரின் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதி, 5,000 குதிரை வீரர்களையும் 5,000 காலாட்படையினரையும் கோரினார். எளிதில் கூடும் உறவன்று இது. திண்டுக்கல்லில் படைத்தலைவராக இருந்தபோது பாளையக்காரர்களை ஒடுக்கியவர் ஹைதர். ஆயினும் பொது எதிரி பழைய பகையை மறக்கச் செய்தான். உருது அறிந்த நாச்சியார் ஹைதருடன் நேரிலேயே உரையாடினார் என்று சொல்லப்படுகிறது. 1780இல் மைசூர்ப் படையின் துணையுடன் அவர் சிவகங்கையை மீட்டார். நவாபும் முஸ்லிம், ஹைதரும் முஸ்லிம். அணிகளைத் தீர்மானித்தது மதமல்ல.

அதே 1780இல் இன்னும் பெரிய கூட்டணி ஒன்று உருவானது. 1771இல் ஹைதரைப் போரில் முறியடித்த மராத்தியர்களே இப்போது அவருடன் கைகோத்தனர். பூனாவின் நானா பட்னாவிஸும் ஹைதராபாத் நிஜாமும் ஹைதரும் ஓரணியில் நின்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனியின் படை நிர்மூலமானது.

கம்பெனி போர்க்களத்தில் இழந்ததைப் பேச்சுவார்த்தை மேசையில் மீட்டது. குண்டூரைத் திருப்பித் தந்து நிஜாமை விலக்கியது. 1782இல் சால்பாய் உடன்படிக்கை மூலம் மராத்தியர்களைத் தனியே பிரித்தது. அவ்வாண்டின் இறுதியில் ஹைதர் இறந்தார். 1790இல் காரன்வாலிஸ் அதே மராத்தியர்களையும் நிஜாமையும் திப்புவுக்கு எதிராகத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். 1791 மார்ச் 21 அன்று பெங்களூருக் கோட்டை வீழ்ந்தது. கிருஷ்ணராஜேந்திர சந்தைக்கு அருகே எஞ்சியிருக்கும் கோட்டைச் சுவரில் அந்தத் தேதியைத் தாங்கிய கல்வெட்டை இன்றும் காணலாம். மறு ஆண்டு திப்பு பாதி நாட்டையும் 3.30 கோடி ரூபாயையும் தர ஒப்புக்கொண்டு, இரு மகன்களைப் பிணையாக அனுப்ப நேர்ந்தது.

கம்பெனியோடு சேர்ந்தவர்கள் பிழைத்தார்களா? 1798இல் நிஜாம் துணைப்படைத் திட்டத்துக்கு அடிபணிந்தார். 1802இல் பேஷ்வாவும் பணிந்தார். 1818இல் அவரது ஆட்சியே முடிந்தது. இடையில் 1801இல், தென்னகமெங்கும் கிளர்ச்சியை ஒருங்கிணைக்க முயன்ற மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

ஹைதரும் திப்புவும் ஜனநாயகவாதிகள் அல்லர். அவர்கள் நிலப்பிரபுத்துவ கால மன்னர்கள். குடகிலும் மலபாரிலும் திப்புவின் படையெடுப்புகள் விளைவித்த துயரங்களை மறைக்க வேண்டியதில்லை. அதேபோல், 1791இல் மராத்தியப் படையினரால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்துக்கு அவர் உதவியதையும் மறைக்க முடியாது. மன்னர்களின் கூட்டணி அரியணைகளின் நலனையே அடித்தளமாகக் கொண்டிருந்தது. அதனால்தான் ஒரு சலுகையில் அது உடைந்தது.

உழைக்கும் மக்களின் ஒற்றுமைக்கு அதைவிட உறுதியான அடித்தளம் உண்டு. 2016 ஏப்ரலில் பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். மத்திய அரசு பின்வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அதே நகரில் காவிரியின் பெயரால் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. முதலாவதில் தொழிலாளி வென்றார். இரண்டாவதில் எந்த மொழி பேசும் தொழிலாளிக்கும் ஒரு பைசா கூட மிஞ்சவில்லை.

கம்பெனி போய்விட்டது. ஆனால் தனித்தனியாகப் பிரித்து வீழ்த்தும் அதன் தந்திரம் இன்று மதத்தின் பெயராலும் மொழியின் பெயராலும் தொடர்கிறது. அதை முறியடிக்கும் பொறுப்பு கன்னட, தமிழ், வடஇந்தியத் தொழிலாளர்கள் அனைவருக்கும் பொதுவானது.