சூரியன் மட்டும் போதாது!

ஆண்டில் ஏறத்தாழ 300 நாள்கள் வெயில் காயும் நகரம் தில்லி. மொட்டைமாடியில் சூரிய மின்தகடுகளைப் பொருத்திவிட்டால் மின்கட்டணக் கவலையே இருக்காது என்று ஆட்சிக்கு வருபவர்கள் எல்லோருமே வாக்குறுதி அளிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூர்யகர் திட்டம், ரூ. 75,021 கோடி செலவில் நாடெங்கும் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் மின் உற்பத்தி செய்வதை இலக்காகக் கொண்டிருக்கிறது. 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு தரும் மானியம் ரூ. 78,000. தில்லி அரசு அதற்கு மேல் ரூ. 30,000 வழங்குவதாக 2025-இல் அறிவித்தது. இவை வரவேற்கப்பட வேண்டிய முயற்சிகள் என்பதில் இரு வேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், வாக்குறுதியில் சொல்லப்படும் கணக்குக்கும் மாடியில் கிடைக்கும் கணக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆண்டுச் சராசரியாக அது பெரிய பிழையில்லை. ஆனால், வீட்டுக்காரர் மின்கட்டணம் செலுத்துவது ஆண்டுச் சராசரிக்கு அல்லவே! டிசம்பர் மூன்றாவது வாரத்தில் தில்லியின் பகல்பொழுது 10 மணி நேரம் சொச்சம்தான். ஜூன் மாதத்தில் அது 14 மணி நேரத்தை நெருங்குகிறது. குளிர்கால உச்சிவேளையில் சூரியன் அடிவானத்திலிருந்து 38 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. கோடையிலோ கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கிறது.

அப்படியானால் அதிக உற்பத்தி மே, ஜூன் மாதங்களில்தானே இருக்க வேண்டும்? அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலிக்கான் தகடுகளுக்குத் தேவை வெளிச்சமே தவிர வெப்பமல்ல. தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.5 விழுக்காடு வரை குறைகிறது. 45 டிகிரி வெயிலில் தகடு 60 டிகிரிக்கும் மேல் கொதிக்கும்போது, கிடைக்க வேண்டிய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே ஆவியாகிவிடுகிறது. ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து வீசும் புழுதிக்காற்று மீதியில் கை வைக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பருவமழை மேகங்கள் வெளிச்சத்தை மறைத்தாலும், தகடுகளை இலவசமாகக் கழுவிவிட்டுப் போகின்றன என்பது ஓர் ஆறுதல். வானம் தெளிந்தும் காற்று அதிகம் சூடேறாமலும் இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களே தில்லியில் சூரிய மின்சாரத்தின் பொற்காலம்.

இவையெல்லாம் இயற்கையின் கணக்கு. அதனுடன் சண்டையிட முடியாது. ஆனால், நவம்பர் தொடங்கி ஜனவரி வரை தலைநகரைப் போர்த்தும் புகைமூட்டம் இயற்கையின் கணக்கு அல்ல. 2024 நவம்பர் 18 அன்று காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. மூச்சுத் திணறும் மனிதர்களைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, வெளிச்சத்துக்குத் திணறும் தகடுகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2016, 2017-ஆம் ஆண்டுகளின் தரவுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, தில்லியில் சிலிக்கான் தகடுகளுக்குக் கிடைக்க வேண்டிய ஒளியில் சுமார் 11.5 விழுக்காட்டைக் காற்று மாசு விழுங்கிவிடுவதாகக் கூறியது. அதாவது, எட்டு வீடுகளில் தகடு பொருத்தினால் ஏறத்தாழ ஒரு வீட்டின் உற்பத்தி புகைக்குப் பலியாகிறது.

காற்றில் மிதப்பது மட்டுமல்ல, தகட்டின் மீது படிவதும் இழப்புதான். காந்திநகர் ஐஐடி-யில் சில வாரங்கள் கழுவாமல் விட்ட தகடுகளைத் துடைத்தபோது, அவற்றின் செயல்திறன் 50 விழுக்காடு உயர்ந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. துடைத்துவிட்டால் போயிற்று என்று சொல்வது எளிது. குடிநீருக்கே தண்ணீர் லாரியின் பின்னால் குடங்களோடு ஓடும் தில்லிப் புறநகர் மக்கள், அதே கோடையில் மாடித் தகடுகளைக் கழுவ எங்கிருந்து தண்ணீர் கொண்டு வருவார்கள்?

மின்சாரத்தின் தேவையும் உற்பத்தியும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை என்பது மற்றொரு பிரச்னை. தில்லியின் மின்தேவை 2024 ஜூன் 19 அன்று 8,656 மெகாவாட்டை எட்டியது. அது பிற்பகல் நேரம் என்பதால் சூரியன் கைகொடுக்க முடியும். ஆனால், குளிர்சாதனங்கள் ஓயாமல் ஓடும் கோடை நள்ளிரவிலும், வெந்நீருக்காக வீடுதோறும் மின்சாரம் இழுக்கப்படும் மூடுபனிக் காலையிலும் கூரைத் தகடுகள் வெறும் கண்ணாடிதான். உபரி யூனிட்டுகளை அந்த நிதியாண்டுக்குள் அடுத்தடுத்த மாதங்களுக்கு வரவு வைக்கும் முறை நுகர்வோரின் கட்டணத்தைக் குறைக்குமே தவிர, நள்ளிரவில் மின்சாரத்தை உருவாக்கித் தராது. அதற்குத் தேவை, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்கலங்கள்.

2015-இல் மத்திய அரசு நிர்ணயித்த இலக்கு, 2022-க்குள் நாட்டின் சூரிய மின்திறன் ஒரு லட்சம் மெகாவாட். அதில் 40,000 மெகாவாட் கூரைகளிலிருந்து வந்திருக்க வேண்டும். மொத்த இலக்கு 2025 ஜனவரியில்தான் எட்டப்பட்டது. கூரைத் திட்டமோ 2022 கெடு முடிந்தபோது கால்வாசியைக்கூடத் தொடவில்லை. ராஜஸ்தானின் பட்லாவிலும் மத்தியப் பிரதேசத்தின் ரீவாவிலும் பெரும் சூரியப் பூங்காக்கள் எழுந்தன. தில்லி மெட்ரோ ரயில்கூட 2019 முதல் ரீவாவின் மின்சாரத்தைப் பெறுகிறது. நகரத்துக் கூரைகள் மட்டும் காலியாகவே கிடந்தன.

காரணம் புரியாததல்ல. மாதம் 200 யூனிட் வரை 2019 முதல் இலவசமாகப் பெற்றுவரும் குடும்பம், கடன் வாங்கித் தகடு பொருத்த ஏன் முன்வர வேண்டும்? உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஊக்கத்தொகை என்று தில்லியின் சூரிய மின்கொள்கை அறிவித்தது இந்தக் குறையைப் போக்கத்தான். ஆனால், தளம் தளமாக விற்கப்பட்ட அடுக்குவீடுகளில் மாடி யாருக்குச் சொந்தம் என்பதே வழக்காக இருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மாடியே கிடையாது. ஓரிடத்தில் உற்பத்தி செய்து பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு 2019-லேயே தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வழி வகுத்தும், அது சாமானியரைச் சென்றடையவில்லை என்றால் மானியத்தின் பயன் சொந்த மாடி உள்ளவர்களோடு நின்றுவிடும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. மானியம் வழங்கும்போதே, அந்தந்தப் பகுதியில் மாதவாரியாக எதிர்பார்க்கத்தக்க உற்பத்தி எவ்வளவு என்பதை எழுத்துபூர்வமாகத் தெரிவிப்பது நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட வேண்டும். நிறுவிய பின் பராமரிப்புக்கும் அவற்றைப் பொறுப்பாக்க வேண்டும். வாடகைதாரர்களையும் அடுக்குவீட்டுக்காரர்களையும் பங்குதாரர்களாக்கும் முறை விரிவுபடுத்தப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று மாசைக் கட்டுப்படுத்துவது சுகாதாரத் துறையின் கவலை மட்டுமல்ல, மின்துறையின் கவலையும்தான் என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.

வானம் வழங்கும் வெளிச்சத்தைப் புகையால் மறைத்துவிட்டு, அதை அறுவடை செய்ய மானியம் கொடுப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்பும் வேலை. சூரியன் தன் கடமையைத் தவறாமல் செய்கிறது. தவறாமல் செய்ய வேண்டியது இனி அரசுதான்!