எருமையின் கழுத்திற் கருவி. ஏடு எவர் கையில்?

எருமையின் கழுத்திலே மின்கருவியைக் கட்டிவிட்டால் எமது பட்டிக்காரரின் குறையெல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்வோர் இன்று பலர். கருவியை நாம் பழிக்கவில்லை. ஆனால், கருவியைக் காட்டி உரிமையை மறைப்பதை நாம் ஏற்கமாட்டோம்.

பயனை முதலிற் சொல்வோம். பசுவைப் போல எருமை தன் சினைப்பருவத்தை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. காட்டுவதும் பெரும்பாலும் இரவிலே. அந்நாள் தவறினால் அடுத்த பருவத்துக்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டும். சினைப்பட்ட பின்னும் கன்று காணப் 10 மாதத்துக்கு மேலாகும். கழுத்துப்பட்டையிலுள்ள உணரி, விலங்கின் அசைவையும் அசைபோடும் நேரத்தையும் கணக்கிட்டு, மாறுதல் கண்டால் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்புகின்றது. இது நன்மையே.

எனினும், இத்தகைய கருவிகளிற் பெரும்பாலானவை கொட்டிலில் வளரும் மேனாட்டுப் பசுவுக்கென ஆக்கப்பட்டவை. மட்டக்களப்பின் எருமைப் பட்டியோ காட்டோரத்திலும் குளக்கரையிலும் திரிவது; சேற்றிலே புரள்வது. அந்தச் சேற்றையும் தொலைத்தொடர்பு எட்டாத வெளியையும் கருவி தாங்குமா என்று சோதியாமல் விற்பது வியாபாரம், அபிவிருத்தியன்று.

அடுத்தது சட்டம். தலைமுறை தலைமுறையாகப் பட்டிக்காரன் தன் குறியைத் தானே சுட்டான். அக்குறியே அவன் உடைமைக்குச் சாட்சி. இன்று கருவி எழுதும் ஏடோ விற்றவனுடைய கணனியிலே கிடக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதரைப் பற்றிய தரவைக் கருதி எழுந்தது. எருமையின் நடமாட்டமும் கறவைக் கணக்கும் எவருடைமை என்பதை அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை வாசியாமற் கையொப்பமிடும் கமக்காரன் தன் பட்டியின் இரகசியத்தையே எழுதிக்கொடுத்தவனாவான். பால் வாங்குபவனும் கடன் கொடுப்பவனும் அதனை வைத்தே அவனை விலைபேசலாம்.

பாலில் அரசியலைக் கலக்காதீர் என்று சிலர் எமக்குப் புத்தி சொல்லக்கூடும். நாம் கலக்கவில்லை, அது முன்னமே கலந்திருக்கின்றது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளில் நடந்த அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்து, கால்நடை வளர்ப்போர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியிலே அறப்போராட்டம் தொடங்கினர். மேய்ச்சற்றரை பறிபோன பின், எருமை எங்கே நிற்கின்றது என்று கருவி காட்டலாம். எங்கே மேய்வது என்று காட்டுமா? புல்லில்லாத வெளியில் அது எதனைக் கணக்கிடும்? பசியையா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. மேய்ச்சற்றரைகள் எல்லை குறிக்கப்பட்டு, வர்த்தமானியில் அறிவிக்கப்படல் வேண்டும். கருவிகள் எமது பட்டிகளிலே சோதிக்கப்பட்டு, கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக வழங்கப்படல் வேண்டும். அவை எழுதும் கணக்கு வளர்ப்போனுக்கே உரியதென ஒப்பந்தம் தமிழிலே சொல்லல் வேண்டும்.

இதிலே படித்தோர்க்கும் கடமை உண்டு. மிருக வைத்தியர் கருவியைச் சோதிக்கட்டும். பொறியியலாளர் அதனைச் சேற்றுக்கு ஏற்றதாக்கட்டும். எம்மைப் போன்ற நியாயவாதிகள் ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்துக் காட்டட்டும். கமக்காரரே, அதுவரை கையொப்பமிட அவசரப்படாதீர். குறி சுட்டவன் கையிலேயே ஏடும் இருத்தல் வேண்டும்.