பெயரில்லாப் பொம்மைகள்

ஒரு பொருளை ஆக்குவது ஒரு கலை. ஆக்கிய பொருளைப் பிறர் இன்னதென்று அடையாளங்கண்டு, மீண்டும் தேடிவந்து வாங்கச் செய்வது மற்றொரு கலை. முன்னதில் தமிழகத்துக் கைவினைஞர் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். பின்னதில் அவர்கள் செலுத்தும் கருத்து மிகக் குறைவு. காஞ்சி மாநகரில் நடைபெறும் பொம்மைத் தொழிலை முன்னிறுத்தி இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

வணிக முத்திரை என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று மாணவருட் பலர் எண்ணுகின்றனர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்டப் பொதிகள்மீது சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை பேசுகிறது. அந்நூலை இயற்றிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடினார். தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி செய்த, எவரும் ஏறிச்செல்லாத சிறுதேர் ஒன்று அப்பாட்டில் வருகிறது. அதனைப் பிள்ளைகள் உருட்டி விளையாடுகின்றனர். ஒரே புலவர் துறைமுகத்தின் முத்திரையையும் பார்த்தார். தெருவில் உருளும் பொம்மையையும் பார்த்தார். முத்திரை பண்டத்துக்குக் கிடைத்தது. பொம்மைக்கு இன்றளவும் கிடைக்கவில்லை.

காஞ்சியின் பட்டுக்கு அடையாளம் வெளியிலிருந்து ஒட்டப்பட்டதன்று, தறியிலேயே பிறந்தது. உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, இரண்டையும் ஊடு இழையால் கோத்துப் பிணைக்கும் 'கோர்வை' முறையே அதன் கையெழுத்து. முந்தானையின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவையும் புதிய பாவையும் இணைக்கும் 'பெட்டு' இன்னொரு கையெழுத்து. 2005-06ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பே இருந்த ஓர் அடையாளத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது என்றே அதனைக் கொள்ள வேண்டும்.

அதே நகரில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. தொழிலே தெருவுக்குப் பெயராயிற்று. களிமண்ணாலும் காகிதக்கூழாலும் அங்கு உருவாகும் கொலுப் பொம்மைகள் சென்னைக்கும் வெளியூர்களுக்கும் செல்கின்றன. தசாவதாரமும் கருடசேவையும் உண்டு. கல்யாண ஊர்வலமும் கிரிக்கெட் ஆட்டமும் உண்டு. 2019ஆம் ஆண்டு சூலை, ஆகத்து மாதங்களில் அத்திவரதர் காட்சி தந்தார். அடுத்து வந்த நவராத்திரியில் அவர் பொம்மையாகக் கொலுப்படி ஏறிவிட்டார். இத்துணை விரைவும் கற்பனையும் உடைய தொழில் வேறெது? ஆயினும் மயிலாப்பூரில் அப்பொம்மையை வாங்கும் அம்மையாரிடம் இதனைச் செய்தவர் யார் என்று கேட்டால், கடைக்காரரைக் கைகாட்டுவார். கடைக்காரரோ மொத்த வணிகரைக் கைகாட்டுவார். ஊரின் பெயரே வழியில் உதிர்ந்துவிடும்போது செய்தவரின் பெயர் எங்கே நிற்கும்?

பாலாற்றுப் படுகையில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதப்படும் தோலும் தைக்கப்படும் காலணியும் அயல்நாட்டு நிறுவனங்களின் பெயர் தாங்கி உலகெங்கும் நடக்கின்றன. உழைப்பு நம்முடையது, பெயர் பிறருடையது, பெயருக்குரிய விலையும் பிறருக்கே. இதன் கணக்கை நம் ஊர்ப் பெரியவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

வணிக அடையாளம் என்றதும் பெயர்ப்பலகை எழுதுபவரிடம் சென்று, "ஏதாவது அழகாய்ப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதே வழக்கமாய் இருக்கிறது. பலகையில் ஒரு நிறம், பையில் ஒரு நிறம், பற்றுச்சீட்டில் வேறோர் எழுத்து வடிவம், பெட்டியில் எங்கோ கண்ட படம்! ஒவ்வொன்றும் அழகாகவே இருக்கலாம். ஒன்றையொன்று அறியாதிருப்பதே குறை. பெயர், சின்னம், நிறம், எழுத்து, பெட்டி, விற்பவரின் பேச்சு ஆகிய யாவும் ஒரே குடும்பத்து முகச்சாயலோடு இருத்தல் வேண்டும்.

இதற்குச் சான்று கொலுப்படியிலேயே அமர்ந்திருக்கிறது. செட்டியார் பொம்மையை அறியாதார் யார்? தொந்தியும் சிரித்த முகமுமாய், அரிசி பருப்பைப் பரப்பிவைத்து, மனைவியை அருகிருத்தி அவர் வணிகம் செய்கிறார். அவர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எனினும் எந்த ஊரில், எந்த அளவில் செய்தாலும் குழந்தை கூட அவரை இனங்கண்டுகொள்ளும். மாறாத சில கூறுகளைத் தலைமுறை தலைமுறையாக விடாது காத்ததால் வந்த பெருமை அது. செட்டியாருக்கு இதனை ஆக்கித் தந்த கைவினைஞர் தமக்கென ஆக்கிக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை.

அண்டை மாநிலத்தார் இதில் நம்மை முந்திவிட்டனர். 1916இல் தோன்றிய மைசூர்ச் சந்தன சோப்பைப் பாருங்கள். சிங்க உடலும் யானைத் தலையும் கொண்ட சரபம் அதன் சின்னம். நகைப்பெட்டியை ஒத்தது அதன் அட்டைப்பெட்டி. கட்டியின் வடிவமோ முட்டை வடிவம். சின்னமோ விந்தையான கற்பனை. அதனைக் கையாண்ட முறையிலோ விளையாட்டு இல்லை. நூறாண்டு கடந்தும் சரபம் சரபமாகவே நிற்கிறது. சென்னப்பட்டணத்து மரப்பொம்மைகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. அத்தொழிலின் தந்தை எனப் போற்றப்படும் பவாஸ் மியான் சப்பானிய நுணுக்கங்களைக் கற்றுவந்து தம் ஊராருக்குப் பயிற்றினார். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணமேற்றிய அப்பொம்மையின் பளபளப்பே அதன் முத்திரை, தொலைவிலிருந்தே தெரியும். தமிழகத்திலும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை 2008-09இல் புவிசார் குறியீடு பெற்றது. தள்ளினால் சாய்ந்து நிமிரும் அதன் குணத்தை நிறுவனங்கள் பலகோடி செலவிட்டாலும் விலைக்கு வாங்க இயலாது.

இனி, காஞ்சியின் தென்னெல்லையில், பாலாற்றை ஒட்டியுள்ள செவிலிமேட்டில் நம் மாணவர் ஒருவர் சிறு பொம்மைத் தொழில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்து, 2021இல் மாநகராட்சியின் பகுதியாகிவிட்ட ஊர் அது. 'காஞ்சிப் பொம்மை' என்று பெயரிட அவருக்கு ஆசை எழும். அது வேண்டாம் என்பேன். பொருள் பிறந்த இடத்தை மட்டும் குறிக்கும் சொல்லை ஒருவர் தமக்கே உரியதாகப் பதிவுசெய்ய வணிக முத்திரைச் சட்டம் எளிதில் இடந்தராது. மேலும் அது ஊரார் அனைவர்க்கும் பொதுவான பெயர். அதனைத் தெருவே கூடிக் கூட்டு முத்திரையாகவோ புவிசார் குறியீடாகவோ பெற முயலலாம்.

தனி ஒருவருக்கு ஏற்ற பெயர் அவ்வூரிலேயே இருக்கிறது. 'செவிலி' என்றால் அகப்பாடல் பயின்றோர்க்கு வளர்ப்புத்தாய் நினைவுக்கு வருவாள். பொம்மையை ஒருவர் பெறுகிறார், வாங்கும் வீடு வளர்க்கிறது, எத்துணைப் பொருத்தம்! இடுப்பில் ஒரு பொம்மையை ஏந்திய பெண்ணுருவம் சின்னமாகலாம். கோபுரம் மட்டும் வேண்டாம். காஞ்சியில் கோபுரம் அச்சிடாத பையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிறத்தைப் பட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: பெட்டியின் உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்கு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோர்வைச் சேலையின் கோபுரக்கரைபோல் பல்பல்லாய் ஒரு விளிம்பு. படத்தை வரையாமலே ஊர் அதில் வந்துவிடுகிறது.

பெட்டியைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். பட்டுக்கடைக்கு ஆண்டு முழுதும் முகூர்த்தம் உண்டு. கொலுப் பொம்மைக்கோ நவராத்திரி ஒன்றே. வாங்கியவர் அடுத்து வருவதற்கு ஓராண்டு ஆகும். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்குவது வழக்கமாதலால் அவர் வருவது உறுதி. நம்மிடம் வருவாரா என்பதே ஐயம். இடைப்பட்ட காலத்தில் பொம்மை எங்கே இருக்கிறது? பழந்துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்டுப் பரணில் உறங்குகிறது. விற்கும் பெட்டியையே பத்தாண்டு தாங்கும் உறுதியான அட்டையில், உள்ளே மெத்தென்ற தாளிட்டு, பரணில் வைத்துக் காப்பதற்கேற்பச் செய்துகொடுத்தால், ஒவ்வோராண்டும் கொலு வைக்கும் நாளில் அவ்வீட்டார் நம் பெயரைத் தாமே கீழிறக்குவர். நாளிதழ் விளம்பரத்தின் ஆயுள் ஒரு நாள். இப்பெட்டியின் ஆயுள் பத்து நவராத்திரி. பெட்டியின் விலை சற்றுக் கூடும் என்பது மெய்யே. அதனைத் தனியே எழுதி வாங்கலாம், மனமுவந்து கொடுப்பார்கள்.

"பொருள் நன்றாயிருந்தால் போதாதா? சிறுதொழிலுக்கு இத்துணை ஆரவாரம் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். பொருளே பேசும் என்பது அண்டை வீட்டாரிடம் விற்கும்வரை உண்மை. கைமாறிக் கைமாறித் தொலைவு செல்லும் பண்டம் தன் பெயரைத் தானே சுமந்தாக வேண்டும். செலவும் அச்சுறுத்தும் அளவினதன்று. ஒரு வகைப் பொருளுக்கு வணிக முத்திரை கோரித் தனியாரும் சிறுதொழில் செய்வோரும் இணையவழி விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவானால் 10 ஆண்டுகள் செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம். அலுவலகமும் சென்னைக் கிண்டியிலேயே உள்ளது.

வேறோர் அச்சமே எனக்குப் பெரிதாய்ப் படுகிறது. அடையாளம் வலுப்பெற்றபின் உடைமையாளரின் பெயர் ஓங்கி, களிமண் பிசைந்தவரும் கண் எழுதியவரும் பழையபடியே பெயரின்றிப் போவர். எங்கோ வார்த்த பாரிசுச் சாந்துப் பொம்மையை வாங்கி அதே பெட்டியிலிட்டு விற்கவும் சிலருக்குத் துணிவு பிறக்கும். ஆதலின் பொம்மையின் அடித்தட்டில் மூன்று குறிகள் இருத்தல் நலம்: சின்னம், செய்த ஆண்டு, கண் எழுதியவரின் பெயர் முதலெழுத்து. மண்ணா காகிதக்கூழா என்பதைப் பெட்டியின்மேல் மறையாது அச்சிட வேண்டும். ஆண்டுக்குறி இருந்தால், மகள் பிறந்த ஆண்டில் வாங்கியது இது, புதுவீடு புகுந்த ஆண்டில் வாங்கியது இது என்று குடும்பங்கள் கணக்கு வைத்துக்கொள்ளும். விடுபட்ட ஆண்டை நிரப்பவும் விரும்பும்.

இக்குறிகளைத் தாளில் அச்சிட்டு ஒட்டினால் இரண்டு மழைக்காலத்தில் பரணின் ஈரம் பட்டு உதிர்ந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே, சூளைக்கும் வண்ணத்துக்கும் முன்பாக, அடித்தட்டில் அழுத்திவிட வேண்டும்.