பட்டமும் படைப்பணியும்

கொல்கத்தாவின் கரியாஹாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவர் ஒருவர் கணினியையும் படைப்பணியையும் ஒருங்கே விரும்பினால், அவர்முன் இரு வழிகள் உள்ளன. புனே அருகே கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்றாண்டுப் பயிற்சியுடன் கணினி அறிவியல் பட்டமும் பெறலாம். 2022 முதல் பெண்களும் அங்குப் பயில்கின்றனர். ஆயினும், அங்கே பட்டம் துணை, படைத்தலைமையே நோக்கம்.

கணினி ஆய்வில் நாட்டம் மிகுந்தோர் அருகிலுள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்திலோ வேறு கல்லூரியிலோ பயில்வதே நன்று. வாய்ப்பிருப்பின் தேசிய மாணவர் படையிலும் சேரலாம். பட்டம் பெற்றபின் உரிய தேர்வுகளில் வென்றால், சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் வாயில் அவர்களுக்கும் திறக்கும்.

சீருடையின் பொலிவை மட்டும் கண்டு பதினேழு வயதில் முடிவெடுத்தல் தகாது. ஆணைக்குக் கட்டுப்படவும், இடர் நேரத்தில் பிறரைக் காக்கவும் உள்ளம் துணிந்துள்ளதா என்பதே மாணவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா.